டானும் காட்டிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. லஹாட் டத்து ஊரிலிருந்து இந்தக் காடு ஏறக்குறைய 80 கிலோமீட்டர், சாமான் ஏற்றிவரும் வண்டியில்தான் தபாலும் வரும். ரெண்டு மாதமாக நான் எழுதாததற்கு அந்த வண்டியைக் காரணம் சொல்ல மாட்டேன், தப்பு என்னுடையதுதான்.

போர்னியோவில் எப்போதும் மழையா என்று பாப்பா கேட்டாளாமே. மழை நின்ற பிறகும் இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கும், துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. அட்டைக்கு முழங்கால்வரை துணி உறை கட்டிக்கொள்கிறேன், பயப்படாதே. பழுப்பு அட்டை கடித்தால் தெரியவே தெரியாது, இலைமேல் காத்திருக்கும் புலி அட்டை கடித்தால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். கேமராவுக்குத்தான் இந்த ஈரம் ஆகாது. சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் மூடிவைத்தும் பெரிய லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிட்டது. சரி, பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதப் பணம் மட்டும் கொஞ்சம் தள்ளி வரும், வேறொன்றும் இல்லை.

பேச்சுத்துணைக்கு ஆள் உண்டா என்று கேட்டிருந்தாய். ஆராய்ச்சி நிலையத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் தினமும் போய்ப் பார்ப்பது ஒரு இருவாட்சிக் குடும்பத்தை. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துக்கொண்டு, ஒரு கீறல் மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஆண் பறவை வரும்போது இறக்கைச் சத்தமே முதலில் கேட்கும், ரயில் நெருங்குகிற மாதிரி. தொண்டைக்குள் சேர்த்துவைத்த அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். அப்பா வேலை முடிந்து வந்து பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் கையில் வைப்பாரே, முழுவதையும் ஒரே தடவையில் காட்டவே மாட்டாரே, அப்படி. அன்றைக்கு எனக்குப் படம் எடுக்க ஓடவில்லை அம்மா.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒரு சிள்வண்டு சங்கு ஊதுவதுபோல் கத்தும், ஆறு மணிப் பூச்சி என்றே அதற்குப் பெயர். அப்போது உனக்கு மணி மூன்றரை. மதியம் படுத்து எழுந்து தலையை அள்ளி முடிந்துகொண்டு திண்ணைக்கு வந்திருப்பாய். அந்த நேரத்தில்தான் எனக்கு இங்கே இருக்கவே முடியாமல் போகிறது. மற்ற நேரமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அப்புறம், அப்பா கண்ணில் புகை மூட்டமாகத் தெரிகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய், அதை முதலில் எழுத வேண்டாமா? புரைதானே, அறுவை செய்தால் தெளிந்துவிடும், நான் வரட்டும் என்று அவர் தள்ளிப்போட வேண்டாம். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போகட்டும். சொட்டு மருந்து வேளை தவறாமல் விடுவதைப் பாப்பாவிடம் ஒப்படை, உனக்கு ராத்திரி மறந்துபோகும். அக்கா கேட்ட வீட்டுப் பத்திரம் என் பீரோவில், பழைய கேமரா பைக்கு அடியில் இருக்கிறது. ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு கொடு. கண்ணுக்கு நாள் குறித்ததும் எழுது, உடனே எழுது.