கிழிந்தது ஒரு டயர், மாற்றுவது நாலா?

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? கிழிந்தது ஒரு டயர், நாலையும் மாற்றச் சொல்கிறார்களே, பணம் பறிக்கிற வேலையா என்று போனில் கேட்டீர்கள். முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். ஆனால் இங்கே பனி உறைந்த ஏற்றத்தில் வண்டி நகர நாலு சக்கரமும் இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த மாதிரி வண்டிக்கு டயர் கணக்கே வேறு.

என்ஜினின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு அமைப்பு உண்டு. சில வண்டிகளில் அது டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கர அமைப்பு, பலவற்றில் எண்ணெயில் ஊறும் கிளட்ச் தட்டுகளின் அடுக்கு. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஓடுகிற தூரம் ஒன்றல்ல; அந்த வித்தியாசத்தைத் தாங்கத்தான் அது இருக்கிறது. ஆனால் வளைவு சில விநாடியில் முடிந்துவிடும். தேய்ந்த டயரோடு புது டயரைச் சேர்த்து மாட்டினால் நேர்சாலையிலும் அந்த வித்தியாசம் ஓயாது. தட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும், எண்ணெய் சூடேறிக் கெடும், கடைசியில் கிளட்சே கருகும்.

கணக்குப் போட்டால் விளங்கும். 225/60R17 டயரின் விட்டம் ஏறக்குறைய 702 மி.மீ., சுற்றளவு 2,205 மி.மீ. புது டயரின் பட்டன் ஆழம், அதாவது தரையில் படும் பக்கத்துப் பள்ளங்களின் ஆழம், 8 மி.மீ., தேய்ந்ததில் 4 என்று வையுங்கள். ஆரத்தில் 4 குறைந்தால் சுற்றளவில் 25 மி.மீ. போய்விடும். கிலோமீட்டருக்கு ஐந்து சுற்று தேய்ந்த டயர் கூடுதலாகச் சுற்றும். நூறு கிலோமீட்டருக்கு ஐந்நூறுக்கு மேல்.

இதில் பலரும் தவறவிடுகிற ஒன்று: ஒரே ஒரு டயர் புதிதானால், அந்த அச்சின் டிஃபரன்ஷியல் இடது வலது வித்தியாசத்தைச் சமன் செய்துவிடும், நடு அமைப்புக்குப் பாதிதான் போகும். முன் அச்சில் இரண்டு புது டயர், பின்னால் இரண்டு பழசு என்றால் முழு வித்தியாசமும் நடுவில்தான் இறங்கும். சாதாரண வண்டிக்கு ஜோடியாக மாற்றுவதுதான் சரியான பழக்கம். இந்த வண்டிக்கு அதுவே கேடு.

எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். சுபாரு கார் கம்பெனி சொல்வது, நாலுக்குள்ளும் சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்று. அது பட்டன் ஆழத்தில் வெறும் 1 மி.மீ. மற்ற சிலர் கொஞ்சம் தாராளம். ஆழமானியை நடுப் பள்ளங்களில் மூன்று இடத்தில் வைத்து அளக்க வேண்டும். பள்ளத்துக்குக் குறுக்கே 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கிற தேய்மானக் கட்டை மேல் வைத்தால் அளவு தப்பு. ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலிலும் ஒரே அளவு காற்று வைத்து, டேப்பால் சுற்றளவையே அளப்பது இன்னும் நம்பகம்.

முதலில் பஞ்சர் ஒட்டுமா என்று பாருங்கள். ஓட்டை நடுப்பகுதியில், 6 மி.மீ.க்குள் இருந்தால் டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டயர் போனது போனதுதான். மற்ற மூன்றும் புதுசுக்குப் பக்கத்தில் இருந்தால் அதே கம்பெனி, அதே மாடலில் ஒன்று வாங்கினால் போதும். மாடல் மாறினால் அளவு எண் ஒன்றாக இருந்தாலும் நிஜச் சுற்றளவு ஒன்றாக இருக்காது. மூன்றும் பாதி தேய்ந்திருந்தால் புது டயரைக் கடைசல் மெஷின் மாதிரி ஒன்றில் சுழலவிட்டு, மற்றவற்றின் ஆழத்துக்குச் சீவித் தருகிற கடைகள் இருக்கின்றன. நல்ல ரப்பரைச் சீவி எறிவதா என்று மனசு அடித்துக்கொள்ளும். கிளட்ச் அடுக்கு மாற்றுகிற செலவை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை. மூன்றும் 4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம், நாலும் புதுசுதான். பனியில் அந்த ஆழம் எப்படியும் பிடிக்காது.

வாங்கும்போது பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற குறியீட்டின் கடைசி நாலு எண்ணைப் பார்க்க வேண்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பனிக்கு என்றால் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் முத்திரையும் இருக்க வேண்டும்.

மாட்டும்போது, சக்கரம் உட்காரும் ஹப் முகத்தில் ஏறிய துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காவிட்டால் சக்கரம் படியாது. ஸ்டீயரிங் ஆடும், நட்டும் தளரும். நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபார்க்க வேண்டும். பழைய டயர் உள்ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பார்க்காமல் புதுசு மாட்டுவது வீண், அதுவும் அப்படியே தேயும். பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் இடம் மாற்றினால் நாலும் ஒன்றாகத் தேயும்.

கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி மெதுவாகப் போகையில் வண்டி இழுத்துப் பிடித்து உதறினால், நடு அமைப்பு இறுகிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். சின்ன ஸ்டெப்னி கடை வரைக்கும்தான், அதுவும் 80 கி.மீ. வேகத்துக்குள். வண்டி நின்றுவிட்டால் நாலு சக்கரமும் தரையில் படாமல் லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்; இரண்டு சக்கரத்தை உருளவிட்டு இழுத்துப் போனால் நடு அமைப்பு அப்போதே போய்விடும். முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார் வைத்த மின்சாரக் கார்களில் நடுவில் இந்தத் தொடர்பே இல்லை. ஆனால் அவற்றுக்கும் கையேடு சொல்வதே கணக்கு.

பக்கத்து வீட்டு மாமா கேட்டால் இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மாவிடம் அடுத்த வாரம் பேசுகிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்