தோத்துட்டேன்டீ, ஒத்துக்கறேன்

ஏய்,

எட்டு மாசமா ஒரு வரி எழுதலைன்னு நீ திட்டுறதுக்கு முன்னாடி நானே என்னை திட்டிக்கிட்டேன், அந்தப் பஞ்சாயத்து அதோட முடிஞ்சுது. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, தூக்கம்தான் இல்ல. ஓட்டவாய் மறுபடி வேலை மாத்திட்டா, இது நாலாவது. அவளே உன்கிட்ட சொல்லியிருப்பா, சொல்லலைன்னாதான் நியூஸ்.

இப்ப எழுதறதுக்கு காரணம் வேற. ஆழ்கடல் சேத்துல அரிய மண் தனிமம், அதான் மோட்டார் காந்தத்துக்குப் போடற நியோடிமியம் வகையறா, எப்படி சேருதுன்னு விடிய விடிய கத்திக்கிட்டோமே, ஞாபகம் இருக்கா? மீன் பல்லுல இருக்குன்னா மீன் தின்னு சேத்ததுதான்னு நான் மேசையைத் தட்டிப் பேசினேன். தப்பு. எழுதியே கொடுத்துட்டேன், பிரேம் போட்டு மாட்டிக்கோ.

போன மாசம் லேப்ல பசிபிக் செங்களிமண்ணை சல்லடையில கழுவிட்டு மைக்ரோஸ்கோப்புல பார்த்தேன்டீ, தேன் கலர்ல, கண்ணாடி மாதிரி, மணல் சைஸ்ல பல்லு பல்லா கிடக்கு. அழகுன்னா அப்படி ஒரு அழகு. அதை அளந்து பார்த்தா நியோடிமியம், டிஸ்ப்ரோசியம், யிட்ரியம்னு எல்லாம் கொட்டிக் கிடக்கு, ஆனா உயிரோட இருக்கற மீனோட பல்லுல இதெல்லாம் இருக்கா இல்லையான்னே தேடணும். அதாவது எல்லாமே செத்ததுக்கு அப்புறம் வந்தது! பல்லும் எலும்பும் கால்சியம் பாஸ்பேட்தானே, கால்சியம் உட்கார்ந்த சீட்டுல இதுங்க வந்து உட்கார்ந்துடுது, ஏன்னா சைஸ் கிட்டத்தட்ட ஒண்ணு. ரெண்டு பிளஸ் மின்சுமை இருந்த இடத்துல மூணு பிளஸ் வந்தா கணக்கு இடிக்குமே, அதுக்கு இன்னொரு கால்சியம் சீட்டுல ஒரே பிளஸ் உள்ள சோடியம் வந்து சரிக்கட்டிடுது. ஸ்பெக்ட்ரம் சார் இதை எவ்வளவு மொக்கையா நடத்தினார், யோசிச்சுப் பாரு.

இதுல என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு லிட்டர் கடல் தண்ணியில நியோடிமியம் சில நானோகிராம்தான், ஒரு கிராமை நூறு கோடியா கூறு போட்டா அதுல சில கூறு. அந்தத் தண்ணியில இரும்பு, மாங்கனீஸ் ஆக்சைடு துணுக்கெல்லாம் மெதுவா இறங்கும்போது இதுங்களை ஒட்டிக்கிட்டு கீழ கொண்டுவருது, அப்புறம் சேத்துக்குள்ள ஊறியிருக்கற தண்ணியில கொஞ்சம் விடுது, பல்லு அதைப் பிடிச்சு வெச்சுக்குது. பல்லு மேல புதுசா மண்ணு கொட்டாம இருக்கணும், அதுதான் முக்கியம். ஆத்து முகத்துவாரத்துல பல்லு சீக்கிரமே புதைஞ்சுடும், சேத்துல அதோட பங்கும் குறைஞ்சு போயிடும். நடு பசிபிக்ல சில இடத்துல ஆயிரம் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூட படியறதில்ல, ஏறக்குறைய 4,500 மீட்டருக்குக் கீழ சுண்ணாம்பு ஓடெல்லாம் கரைஞ்சே போயிடும், அதனால கலப்படம் பண்ணவும் ஆளில்ல. பல்லு சும்மா கிடக்கு, லட்சக்கணக்கான வருஷம், சும்மாவே கிடந்து பணக்காரனாயிடுது.

சீரியம் மட்டும் நம்ம ஓட்டவாய் மாதிரி. கூட்டத்தோட கிளம்பும், வழியில ஆக்சிஜன் பட்டு நாலு பிளஸ் ஆகி கடல் தரையில கிடக்கற மாங்கனீஸ் உருண்டையோட தனியா போயிடும். பல்லுல அளந்ததை கிராஃப் போட்டா அந்த இடத்துல மட்டும் பள்ளம்.

நீயும் ரொம்ப ஆடாத. கடலடி எரிமலைப் பிளவுதான் எல்லாத்தையும் கக்குதுன்னு சொன்ன இல்ல? அங்கேருந்து வர்ற இரும்புத் துணுக்கு தண்ணியில இருக்கறதைப் பொறுக்கிட்டு வருது, அவ்வளவுதான். உனக்கு அரை மார்க். 2011-ல ஜப்பான்ல யாசுஹிரோ கடோ டீம் பசிபிக்ல 78 இடத்துலேருந்து எடுத்த ரெண்டாயிரத்துக்கும் மேல சாம்பிளைப் பார்த்து இந்த சேத்தை உலகத்துக்கே காட்டினாங்க பாரு, அவங்களே முதல்ல இரும்பையும் பிலிப்சைட்ங்கற கனிமத்தையும்தான் கை காட்டினாங்க, மீன் பல்லுதான் முக்கிய ஆளுன்னு அப்புறம்தான் தெளிவாச்சு. எனக்கு அது ஒரு ஆறுதல். அப்புறம் ஜப்பானோட மினாமிடோரிஷிமா தீவுகிட்ட, சேத்துல பத்து லட்சத்துக்கு 5,000 பங்குக்கு மேல அரிய மண் தனிமம் கிடைச்சுது. அங்க சுமார் 3.45 கோடி வருஷத்துக்கு முன்னாடி, அண்டார்டிகாவுல பனி கட்டி ஆழ்நீரோட்டம் வலுத்தப்போ, கடல்மலை ஓரம் சத்து மேல வந்து மீன் பெருகிடுச்சுன்னு சொல்றாங்க. அப்ப செத்த மீனோட பல்லு இப்போ மோட்டார் காந்தத்துக்கு கச்சாப்பொருள், எப்படி இருக்கு கதை?

ஆனா உன்கிட்ட சீரியஸா ஒண்ணு கேட்கணும். இந்த சேத்துல கதிரியக்கம் உள்ள தோரியம், யுரேனியம் கம்மி, நீர்த்த ஆசிட்லயே பிரிஞ்சு வந்துடும், அதனால அள்ளணும்னு எல்லாருக்கும் ஆசை. எனக்கும் போன வருஷம் வரைக்கும் ஆசைதான். 1989-ல பெரு நாட்டுக்கு அப்பால பசிபிக் கடலடியில இருக்கற பெரு பேசின்ல, நாலாயிரம் மீட்டருக்குக் கீழ, சோதனைக்குன்னு தரையை உழுதாங்க. 2015-ல திரும்பப் போய்ப் பார்த்தா கோடு அப்படியே இருக்கு, 26 வருஷம் ஆகியும்! இவ்வளவு மெதுவா மண்ணு படிஞ்சா வேற என்ன ஆகும், எது வந்து மூடும்? பல்லு பணக்காரன் ஆனதுக்கும் அந்தக் கோடு மூடாததுக்கும் காரணம் ஒண்ணுதான்டீ, அது உறைச்சதுலேருந்து சல்லடையைக் கையில எடுத்தாலே ஒரு மாதிரி இருக்கு. நிலத்துல தோண்டறது மட்டும் என்ன வாழுதுன்னு நீ கேட்ப, அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. நீதான் தெளிவா பேசுவியே, ஏதாவது சொல்லு.

போன் பண்ணாத, எழுது, போன்ல நீ என்னைப் பேச விடமாட்ட. அப்புறம் பைனல் இயர்ல வாங்கிட்டுப் போன என் பத்து எக்ஸ் லென்ஸ் இன்னும் உன்கிட்டதான் இருக்கு, இல்லைன்னு புளுகாத. அதை அனுப்பி வெச்சா ரெண்டு பல்லு தர்றேன்.

உன்
தோத்தாங்குளி