ஐப்பசி மழைக்கு முன்னால்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு 4 மாதம் ஆகிவிட்டதா! பேரன் அவளை மடியில் வைத்துக்கொள்ள அடம்பிடிக்கிறான் என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது.

ஃப்ளூ ஊசியைத் தீபாவளி கழித்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், இப்போதே போடு. நம் பக்கம் ஐப்பசி மழையோடு இந்தக் காய்ச்சல் ஏறும். 9 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதல் தடவை என்றால் இரண்டு ஊசி, நடுவில் குறைந்தது 4 வாரம். இரண்டாவது போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி உருவாக இன்னும் 2 வாரம். ஆக 6 வாரம் கையில் இருக்க வேண்டும். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் மருந்தும் வருஷா வருஷம் மாறும். பெட்டியில் எந்த வருஷத்து மருந்து என்று பார்த்து வாங்கு. கடையில் வாங்கிக் கொண்டுபோனால் ஐஸ் கட்டியில் நேரே படக் கூடாது. உறைந்த மருந்து வீண்.

பேத்திக்கு 6 மாதம் ஆகும்வரை இந்த ஊசி போட முடியாது. அவளைக் காப்பது அவளைத் தூக்குகிறவர்கள்தான். உன் மகள், மருமகன், நீ, மூவரும் போட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்கிறவள் தாராளமாகப் போடலாம். அவளுக்கே காய்ச்சல் வந்தாலும் பாலை நிறுத்தாதே. கையை சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் கட்டிக்கொண்டு கொடுக்கட்டும்.

எனக்குப் பெரிய பயம் பாராசிட்டமால் பாட்டில்தான். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 180. லேபிளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றிருந்தால் 7.5 மில்லி, 250 என்றிருந்தால் 3.5 போதும். சொட்டு மருந்தோ ஒரு மில்லியிலேயே 100! அதில் 7.5 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும்; அப்படியே வேளாவேளைக்குக் கொடுத்தால் ஈரல் கெட்டுப்போகலாம். சமையல் ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சில் அள. 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் பக்கமே போகாதே. பேத்திக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு மருந்தே வேண்டாம், நேரே டாக்டர்.

பேரனுக்குக் காய்ச்சல் வந்தால், தூங்கும்போது சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார். நிமிஷத்துக்கு 40 மூச்சு, அதற்கு மேல், அல்லது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் ராத்திரி என்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. விட்ட காய்ச்சல் திரும்பி வந்தாலும், 8 மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலும் அப்படியே.

அவனை நிறுத்துப் பார்த்து எடையை எழுது. எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
வசந்தா