மூன்றாவது வரி எப்படி வந்தது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அமைந்ததும் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

ஓய்வுபெற்ற பிறகு நீ கணக்கைத் திரும்பக் கையில் எடுத்திருக்கிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. உங்கள் ஊர் நூலகத்தில் கூடுகிறவர்கள் தாங்கள் போட்ட கணக்குகளைச் சுற்றுக்கு விடுகிறார்கள், நீ வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுதாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறாய், கேட்டால் 'நானே இப்போதுதான் படிக்கிறேன், அடுத்தவர் கணக்கில் நான் என்ன சொல்ல, நன்றாகக் கற்றுக்கொண்டு அப்புறம் சொல்கிறேன்' என்கிறாய். அந்த அப்புறம் வராது என்பதால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதற்கு முதலில் கணக்கு. ராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு கேள்வி போட்டார், எண் 289. அந்த இதழில் வாசகர்கள் கேள்வி அனுப்புவார்கள், மற்ற வாசகர்கள் விடை அனுப்புவார்கள். அந்தச் சங்கத்தை 1907-இல் தொடங்கிய வி. ராமசுவாமி ஐயரே டெப்டி கலெக்டராக வேலை பார்த்தவர்தான், கணக்கின் மேல் இருந்த ஆசையால் செய்தார். கேள்வி இதுதான்: 1-உடன் 2 மடங்கு ஒரு வர்க்கமூலம், அதற்குள் 1-உடன் 3 மடங்கு இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் 1-உடன் 4 மடங்கு இன்னொன்று, இப்படி முடிவே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும் எண்ணுக்கு ஒட்டுமொத்தமாக வர்க்கமூலம் எடுத்தால், அதாவது √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))), என்ன வரும்? மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பவில்லை, கடைசியில் அவரே கொடுத்தார்: 3.

வழி அழகானது. 3 என்பது 9-இன் வர்க்கமூலம், 9 = 1 + 2×4. அந்த 4-ஐ 16-இன் வர்க்கமூலமாக எழுது, 16 = 1 + 3×5. அந்த 5-ஐ 25-இன் வர்க்கமூலமாக எழுது, 25 = 1 + 4×6. இப்படியே போகலாம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பாலிடெக்னிக் வாத்தியார் இதைப் பலகையில் போட்டார். எல்லாரும் 'அருமை சார்' என்றோம். கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும் பெண் ஒருத்தி, அதுவரை வாய் திறக்காமல் எழுதிக்கொண்டு மட்டும் போனவள், மறு வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். 'சார், மூன்றுக்குப் பதில் நான்கிலிருந்து தொடங்கினேன். 16 = 1 + 2×7.5. 7.5-இன் வர்க்கம் 56.25, அது 1 + 3×18.41... இதுவும் நிற்காமல் போகிறது. அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமா?'

வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த அழகான வழியில் விட்டுப்போன இடத்தை அவள் சரியாகத் தொட்டுவிட்டாள். எங்காவது ஓரிடத்தில் வெட்டி நிறுத்தினால் மதிப்பு என்ன, இன்னும் உள்ளே போய் வெட்டினால் என்ன, அந்த மதிப்புகள் எதை நெருங்குகின்றன என்று பார்க்க வேண்டும், அப்படி நெருங்கும் எண்ணைத்தான் எல்லை என்பார்கள். அன்றைக்கே உட்கார்ந்து போட்டோம்: 2.23, 2.55, 2.75 என்று ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் 3-ஐத் தாண்டுவதில்லை. 4-இலிருந்து தொடங்கும் வழியில் உள்ளே மிஞ்சும் எண் பூதாகாரமாக வளர்கிறது, அதை வெட்டி எறிந்தால் கணக்கு மாறிவிடும். இப்படிப்பட்ட அடுக்கு வர்க்கமூலங்கள் எப்போது ஓர் எண்ணில் வந்து நிலைக்கும் என்பதற்குப் பின்னாளில் நம்மவரான தி. விஜயராகவன் ஓர் அளவுகோலே கொடுத்தார், 1927-இல் வந்த ராமானுஜனின் கட்டுரைத் தொகுப்பில் பின்னிணைப்பாக இருக்கிறது.

அந்தப் பெண் எல்லாம் கற்று முடித்துவிட்டா கேட்டாள்? எல்லை என்ற பாடம் அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கருத்தை எழுதித் தர வேண்டும் என்று உட்கார்ந்ததால்தான் நான்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வெறுமனே படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போய்விடும், எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். ஒரு வரி எழுது என்றால்தான் எது புரியவில்லை என்றே தெரியவரும். அதோடு, பலகையில் போட்டவருக்கும் அதனால் லாபம்தான். வாத்தியார் இந்தக் கணக்கை எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறாராம், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லையாம்.

அதனால் நீ பெரிய விமர்சனம் எதுவும் எழுத வேண்டாம். 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் எழுதுவதும் வேண்டாம், அதில் உனக்கும் பயனில்லை, அவருக்கும் பயனில்லை. 'இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவது வரி எப்படி வந்தது?' என்று ஓரத்தில் பென்சிலால் எழுது, போதும். முடிந்தால் நீயே ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்து அதையும் கீழே எழுது.

289-ஆம் கேள்விக்கு இரண்டாவது பகுதியும் உண்டு: 1, 1, 1 என்பதற்குப் பதில் 6, 7, 8 என்று போகும், 2, 3, 4 மடங்குகள் அப்படியே. விடை 4. நான் போட்ட வழியை இத்துடன் வைத்திருக்கிறேன், ஓரத்தில் நிறைய இடம் விட்டிருக்கிறேன். எழுதித் திருப்பி அனுப்பு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்