பின்னணி என்றால் பின்னால் தள்ளிவிடுவதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு வார இதழில் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நல்லாகவே இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி: “அந்த நாள் நிகழ்ச்சிகளின் பின்னணி இசை எல்லாம் எங்கேயோ யாரோ போட்டது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதை யாரும் கவனித்ததுமில்லை.” வாசித்து முடிக்கும்போது என் தேநீர் ஆறிப்போயிருந்தது.

1982 பெப்ரவரியில் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. ஐ.டி.என். தொலைக்காட்சி 79 இலேயே வந்துவிட்டதே என்று நீங்கள் திருத்துவீர்கள், சரி, ஆனால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு டிவி வந்தது ரூபவாஹினியோடுதான், அதுவும் ஒரே ஒரு வீட்டுக்கு. நிகழ்ச்சி தொடங்கக் கன நேரம் முன்பே போய்ச் சீமெந்துத் தரையில் இடம் பிடித்து, கலர் கலரான கோடுகளைப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பின்னால் போகும் வாத்திய இசையைக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்த டிவிக்கு 83 ஆடிக் கலவரத்தில் என்ன நடந்தது என்று எழுதப் போனால் இது வேறு கடிதமாகிவிடும், விடுங்கள்.

யாரும் கவனிக்கவில்லையாம்! 85 இல் எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. நாங்கள் முன்னறையில் டொம் அன்ட் ஜெர்ரி பார்ப்போம், அம்மா குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் திருவுவார். டிவி இருந்த பக்கம் அவருக்குச் சுவர்தான். திடீரென்று திருவுகிற சத்தம் நிற்கும். “பூனை விழுந்திட்டுதோ?” என்று கேட்பார். விழுந்துதான் இருக்கும். சில நாள் பூனை விழ ஒரு விநாடி முன்பே கேட்டுவிடுவார், எங்களுக்கு ஆத்திரமாக வரும். பேச்சே அநேகமாக இல்லாத அந்தப் படங்களுக்கு ஸ்கொட் பிராட்லி என்கிறவர் 1940 களிலும் 50 களிலும் பெரிய வாத்தியக் குழுவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் ஓட்டத்துக்கும் அளந்து அளந்து இசை எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அம்மாவுக்கு அவர் பெயர் கடைசி வரை தெரியாது, ஆனால் அவர் சொன்னது முழுக்க விளங்கியது.

சிங்களக் குரலில் வந்தவற்றையும் சொல்லத்தான் வேண்டும். டைட்டஸ் தொட்டவத்த தலைமையில் ரூபவாஹினியில் மொழிமாற்றிய ‘பிஸ்ஸு பூஸா’, ‘தொஸ்தர ஹொந்தஹித’ கார்ட்டூன்கள் எல்லாம் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். நான் சிங்களம் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அவற்றில் வந்த பாட்டுகளில்தான். தமிழில் அப்படி ஒன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை வேறு, அதற்கு யாரிடம் போய்க் கேட்பது. இப்போது தமிழில் மொழிமாற்றி வரும் தொடர்களைக் கேட்கிறீர்களா? பேச்சு ஒரு தடத்திலும், இசையும் ஓசைகளும் இன்னொரு தடத்திலுமாகப் பிரித்து அனுப்பினால்தான் பேச்சை மட்டும் மாற்ற முடியும். அப்படி வராவிட்டால், பழைய ஒலியை அமுக்கிவிட்டு மேலே கத்துவதுதான். அழுகிற காட்சியில் வயலின் கிணற்றுக்குள் இருந்து கேட்கிற மாதிரி இருக்கும்.

சரி, உங்கள் வரிக்கே வருகிறேன். என் பெரியம்மாவின் மகன் மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வரும்போது தூரதர்ஷனில் பதிந்த ஒரு வீடியோ கசட் கொண்டுவந்தார், விளம்பரங்களோடு. அதில் ஆர்.கே. நாராயணின் கதைகளை வைத்து எடுத்த ‘மால்குடி டேய்ஸ்’ தொடரில் நான்கு கதை. ஹிந்தி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தொடக்கத்தில் வரும் அந்தச் சொல் இல்லாத முணுமுணுப்பு இருக்கிறதே, அதற்காகவே கசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றி, கடைசியில் அந்த இடத்தில் படம் முழுக்கக் கோடு விழுந்துவிட்டது. அந்த இசை எல். வைத்தியநாதன் போட்டது. வசனமே இல்லாமல் 1987 இல் வந்த ‘பேசும் படம்’ இருக்கிறதே, அதற்கும் இசை அவர்தான். பின்னணியை யாரும் கவனிப்பதில்லை என்றால் அந்தப் படத்தில் மக்கள் எதைக் கேட்டார்கள்?

வைத்தியநாதனுடைய அப்பா யார் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்! வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா, யாழ்ப்பாணத்தில் இசை படிப்பித்தவர். தம்பிமார் எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் பிறகு உலகம் அறிந்த வயலின்காரர்கள், சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். 1958 கலவரத்தோடு அந்தக் குடும்பம் மெட்ராஸுக்குப் போனது. எங்கேயோ யாரோ போட்டதாம், நமக்குச் சம்பந்தமில்லையாம். கலைத்துவிட்டு, பிறகு எங்கள் ஆள் இல்லை என்பது நல்ல நியாயம்.

இது முதல் தடவையும் இல்லை. டிவி நிகழ்ச்சி நிரலை முதலில் சின்ன எழுத்தாக்கினீர்கள், பிறகு தமிழ் நிகழ்ச்சிகளை மட்டும் விட்டீர்கள், பிறகு நிரலையே நிறுத்தினீர்கள். அப்போதும் எழுதினேன். என் கடிதத்தில் பாதியை வெட்டி, மிச்சத்தை மழைநீர் வடிகால் பற்றிய கடிதத்துக்குக் கீழே போட்டீர்கள், ஊர்ப் பெயரும் பிழை. நான் ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் குறுக்கெழுத்துப் போட்டியின் விடை வரவே இல்லை, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், மூன்று வரியில் ஒரு திருத்தம் போடுங்கள், பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல். இந்தக் கடிதத்தையும் போடுவதானால் வழக்கம்போல இடம் போதாது என்று வெட்டுவீர்கள், தெரியும். வெட்டத்தான் வேண்டுமென்றால் அம்மா தேங்காய் திருவிய பகுதியை எடுத்துவிடுங்கள். வைத்தியநாதனில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
30 வருட வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6