எழுத இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் இணையவழிக் கல்வி பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'இன்றைய மாணவர்களிடம் குறிப்பெடுத்துப் படிக்கும் பழக்கமே இல்லை' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு, கட்டுரையாளர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். குறிப்பை எங்கே எழுதுவது என்பதையும் சொல்லியிருந்தால் என் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

என் பிள்ளைகள் என்றால், அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்க என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள். அந்தத் தேர்வுக்குப் பள்ளிப் பாடநூல்தான் எல்லாம் என்பது தாங்கள் அறியாததல்ல. பாடநூல்கள் பிடிஎஃப்ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. பகலில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் ஒரு பெண் வருகிறாள். அவள் போனில் பாடம் திறக்கும், கோடு போட விடாது. அதனால் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதன்மேல் விரலால் சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்தில் 'மு' என்று போட்டுக்கொள்கிறாள். முக்கியமாம். அவளுடைய கேலரியில் அக்கா வளைகாப்புக்கும் யாரோ குழந்தையின் காதுகுத்துக்கும் நடுவே பூனா ஒப்பந்தம் கிடக்கிறது. வேண்டும்போது ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தேடவேண்டும். ஸ்டோரேஜ் நிரம்பினால் எதை அழிப்பாள் என்று நான் கேட்கவில்லை. இவளுக்கா பழக்கம் இல்லை?

வசதியுள்ளவர்கள் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போடுகிறார்கள். இலவச நூலுக்குப் பணம் கொடுத்து அதன் ஓரத்தை வாங்குகிறார்கள்!

இது இன்று நேற்று வந்த வயிற்றெரிச்சல் அல்ல. நான் பணியில் இருந்தபோது ஒரு பயிற்சியில் குறுந்தகட்டில் கையேடு கொடுத்தார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டியது. ஒரு பத்தியை நகலெடுத்து வேறு எழுத்துருவில் ஒட்டினால் தமிழ் போய்விடும். ஆங்கில எழுத்துகள் இறைந்து கிடக்கும், மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி. பயிற்சி கொடுத்தவரிடம் காட்டினேன். "கையால எழுதிக்குங்க சார்" என்றார். எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே இருக்க உதவும் பொதுக் குறியீட்டு முறை யூனிகோடு. 2010-இல் தமிழக அரசே அதை ஏற்று ஆணை போட்டது. அதற்குப் பிறகும் சாய்வாக ஸ்கேன் செய்து, கட்டைவிரல் நிழலோடு 'மின்னூல்' என்று அனுப்பினார்கள். அப்புறம் பாடநூலில் கியூஆர் குறியீடு வந்தது. போனில் ஸ்கேன் செய்து பாடக் காணொலியைப் பார்க்கலாம், திரும்பவும் பார்க்கலாம். 'இந்த இடம் புரியவில்லை' என்று அந்த இடத்திலேயே எழுதி ஆசிரியருக்குக் காட்ட வழியில்லை. ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். பிள்ளைகள் கண்டதையும் எழுதிவிடுவார்களாம். அவரவர் குறிப்பை அவரவர் மட்டும் பார்க்கும்படி வைக்கலாமே என்றேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

தொழில்நுட்பம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். 1993-இல் வந்த மொசைக் என்ற இணைய உலாவியிலேயே பக்கத்துக்குக் குறிப்பெழுதும் வசதி இருந்தது. 2017-இல், இணையத்துக்கான பொதுத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதற்கென்று பொது நெறிமுறையே வெளியிட்டுவிட்டது. இணையப் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பெழுத உதவும் ஹைபாதிசிஸ் என்ற கருவி, மூல நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அதைக்கொண்டு ஒரே கட்டுரையின் ஓரத்தில் மாணவர் கேட்க, ஆசிரியர் பதில் எழுதுகிறார். கோடிட்ட சொற்களோடு அவற்றின் முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளையும் அந்தக் கருவி குறித்துவைத்துக்கொள்கிறது. அதனால் பாடத்தில் ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்தாலும் குறிப்பு பெரும்பாலும் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் எழுத்து, எழுத்தாக இருக்கவேண்டும். வெறும் படமாகக் கொடுத்தால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்?

தங்களிடமும் ஒரு வருத்தம் உண்டு. தங்கள் இணையப் பதிப்பில் எந்த வரியையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. மேலே காட்டியிருக்கும் மேற்கோளையே திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டினேன். கல்வி இணைப்பின் மாதிரி வினா-விடையோ முழுக்கப் படம். திருட்டுக்குப் பயந்து பூட்டியிருப்பீர்கள், புரிகிறது. திருடுகிறவன் அந்தப் படத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறான்.

பாடநூல்களை எல்லாம் மாற்றச் சொல்லும் அதிகாரம் தங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. வரும் வாரத்திலிருந்து அந்த மாதிரி வினா-விடைப் பக்கத்தை மட்டுமாவது யூனிகோடு எழுத்தாக ஏற்றச் சொல்லுங்கள். கோடு போடும் கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மன்னார்குடி.