செனெகாவைக் குடிசைக்கு அனுப்பியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பணமும் மனமும் பற்றிய பக்கத்தில், "பணத்தைத் தூசாக எண்ணி வறுமையிலேயே வாழ்ந்து மறைந்த ரோமானிய ஞானி செனெகா" என்று ஒரு வரி. காபி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சுப்பிழை என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

தாங்கள் அறியாததல்ல. செனெகா ரோமப் பேரரசன் நீரோவுக்கு ஆசான், பிறகு ஆலோசகர். நாலே வருஷ அரண்மனைச் சகவாசத்தில் 30 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) சேர்க்க எந்தத் தத்துவம் சொல்லிக்கொடுத்தது என்று அவருடைய எதிரி சுயிலியஸ் கேட்டதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். பிரிட்டன்காரர்களுக்கு 4 கோடி கடன் கொடுத்துவிட்டு மொத்தத்தையும் திடுதிப்பென்று திருப்பிக் கேட்டார், அங்கே ராணி போடிக்கா ரோமுக்கு எதிராக நடத்திய கலகத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார் இன்னொரு வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. தந்தக் கால் வைத்த மேசைகள் 500 என்றும் கணக்கு சொல்கிறார். டியோவுக்கு இவரைக் கண்டாலே ஆகாது, கூட்டித்தான் சொல்லியிருப்பார். பாதியைத் தள்ளினாலும் 250 மேசை. தங்கள் கட்டுரையாளர் கட்டிக்கொடுத்த குடிசையில் அவற்றை எங்கே போடுவது?

எனக்கு செனெகா மேல் கோபமில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கூட்டுறவு வங்கியில், நகைக் கடன் பிரிவில் 31 வருஷம் உட்கார்ந்தவன் நான். ஒருநாள் ஒரு அம்மா தாலியைக் கழற்றிவிட்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டை முடிந்துகொண்டு வந்து நின்றார். நான் தாலியை உரைகல்லில் உரசிக்கொண்டிருந்தபோது, எங்கள் மேலாளர் அவருக்கு 'ஆசைதாம்மா எல்லாத் துன்பத்துக்கும் காரணம்' என்று உபதேசம் செய்தார். மேலாளருக்கு அப்போதே மூன்று வீடு, வாடகை ஒன்றாம் தேதி தாண்டக்கூடாது. அன்றிலிருந்து யார் எளிமையைப் பற்றிப் பேசினாலும் அவர் பாஸ்புக்கைப் புரட்டத் தோன்றுகிறது.

செனெகா பாஸ்புக்கை ஒளித்தவரல்ல. இன்ப வாழ்வு பற்றி எழுதிய நூலில், 'நான் ஞானியல்ல' என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 18ஆம் கடிதத்தில், சில நாளைக்கு மட்ட ரொட்டியும் முரட்டுத் துணியுமாக இருந்து பார் என்கிறார். ஏழைக்கு எதற்கய்யா வறுமையில் ஒத்திகை?

இது முதல் தடவையும் அல்ல. சிறுநீருக்குப் போட்ட வரியைப் பார்த்து முகம் சுளித்த மகனின் மூக்கருகே அந்தக் காசை நீட்டி 'நாறுகிறதா?' என்று கேட்டது பேரரசர் வெஸ்பாசியன். தாங்கள் அதை ஜூலியஸ் சீசருக்குத் தூக்கிக் கொடுத்தீர்கள். போன வருஷம், சீசரைக் குத்திய புரூட்டஸைப் பற்றி 'நேர்மையின் சிகரம் புரூட்டஸ்' என்று அரைப்பக்கம். சைப்ரஸில் சலாமிஸ் ஊருக்கு அந்தச் சிகரம் 48 சதவீத வட்டிக்கு விட்டது. ஆளுநர் சிசரோ அனுமதித்ததோ 12. வசூலுக்குப் போன ஆள் குதிரைப்படையை வைத்து ஊர் மன்றத்தாரை மன்றத்துக்குள்ளேயே அடைத்தான். ஐந்து பேர் பட்டினியில் செத்தார்கள். சிசரோவின் கடிதங்களிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் மீட்டர் வட்டிக்காரன்கூட சோறு போட்டுத்தான் மிரட்டுவான். இதை 40 வரியில் எழுதி அனுப்பினேன். 'புரூட்டஸ் கட்டுரை சிந்திக்க வைத்தது' என்று ஒரே வரியாக்கி, என் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள். அதனால் இம்முறை பெயர் எழுதவில்லை.

எங்கள் ஊர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பார்த்து இந்தப் பைத்தியம் பிடித்தவன் நான். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினாரே, அந்தப் பணத்தில் கொஞ்சம் எங்கள் ஆற்றில்தான் கிடந்தது.

செனெகா பணக்காரர் என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். இனி பொன்மொழி போட்டால் எந்த நூல், எத்தனையாவது கடிதம் என்று கீழே குறியுங்கள். இடமில்லை என்றால் தபால்தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன், கடிதத்தையாவது திருப்பி அனுப்புங்கள். முந்தைய மூன்று உறைகளும் இன்னும் வந்து சேரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகைக் கடன் எழுத்தர்,
கரூர்.